ஒன்பது நாள் சிங்கப்பூர்: படிப்பா, டூரா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

கொருக்குப்பேட்டையிலிருந்து 28 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் கிளார்க் வேலை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தங்கை தனியார் கல்லூரி ஒன்றில் எம்பிஏ இரண்டாம் ஆண்டு, லாஜிஸ்டிக்ஸ் சிறப்புப் பாடம். வங்கியில் கல்விக்கடன் வாங்கித்தான் படிக்கிறார்.

இப்போது கல்லூரி ‘குளோபல் இம்மர்ஷன்’ என்று ஒன்பது நாள் சிங்கப்பூர் அழைத்துப் போகிறது. தலைக்கு 1,65,000 ரூபாய். இந்த மாதக் கடைசிக்குள் 50,000 முன்பணம் கட்ட வேண்டும். கட்டினால் திரும்பாது. பணம் போவது கல்லூரிக் கணக்குக்குக்கூட இல்லை, ஒரு டிராவல் ஏஜென்சிக்கு. வீட்டில் சேமிப்பு 45,000 இருக்கிறது, மீதிக்கு அம்மா நகையை வைக்கச் சொல்கிறார். அப்பாவோ பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியாது என்கிறார். ஒருங்கிணைப்பாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவில், “வராதவங்களுக்கு பிளேஸ்மென்ட்ல முன்னுரிமை இருக்காது, அப்புறம் சர்டிபிகேட் வாங்கும்போது சிக்கல் ஆகும்” என்கிறாராம். தங்கையின் அசல் சான்றிதழ்கள் சேர்க்கையின்போதே வாங்கி வைக்கப்பட்டவை, இன்னும் கல்லூரியில்தான் இருக்கின்றன.

அவர் கேட்பவை நான்கு. இது கட்டாயமா? கல்விக்கடனில் சேர்க்க முடியுமா? சித்தப்பா மகன் அங்கே இருப்பதால் பாப்பா (தங்கையை அப்படித்தான் கூப்பிடுகிறார்) கூடுதலாக ஒரு மாதம் தங்கி வேலை தேடலாமா? பணம் கட்டிவிட்டு ஏமாந்தால் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாமா?

என் பதில்

தம்பி, இந்த 50,000 ரூபாயை இப்போதைக்குக் கட்டாதீர்கள். சில கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு கட்டுவதா வேண்டாமா என்று பார்க்கலாம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்று பக்கக் கடிதத்தில் தொகை இருக்கிறது, கடைசித் தேதி இருக்கிறது, அம்மா சொன்னது, அப்பா சொன்னது, சார் சொன்னது எல்லாம் இருக்கிறது. தங்கச்சி என்ன சொல்கிறார் என்பதற்கு மட்டும் ஒரு வரி இல்லை. “ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசல” என்று முடித்துவிட்டீர்கள். அவருக்கு 22 வயது. எதற்காகப் போக ஆசைப்படுகிறார் என்று நிதானமாகக் கேளுங்கள். படிப்புக்கு உதவும் என்று நினைக்கலாம். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் போகும்போது தான் மட்டும் நின்றுபோவது அவமானமாக இருக்கலாம். ஒருமுறை விமானம் ஏற வேண்டும் என்ற ஆசையாகவும் இருக்கலாம். எதுவுமே தப்பில்லை. ஆனால் மூன்றுக்கும் செலவு செய்யத் தகுந்த தொகை வேறு வேறு.

நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். முதல் நாளும் கடைசி நாளும் பயணத்தில் போகின்றன. ‘பார்ட்னர் இன்ஸ்டிட்யூட்’ ஒன்றில் இரண்டு காலை வகுப்புகள், அரை நாள் ‘போர்ட் விசிட்’, ஒரு கம்பெனி விசிட். மிச்சமெல்லாம் செந்தோசா, யுனிவர்சல் ஸ்டூடியோஸ், முஸ்தபாவில் ஷாப்பிங். படிப்பு என்று கூட்டிப் பார்த்தால் இரண்டு நாள் தேறும். டூர் போவது நல்ல விஷயம்தான், டூர் என்றே சொல்லி டூர் விலைக்கு விற்றால். அதே தேதிக்குச் சென்னை–சிங்கப்பூர் விமானக் கட்டணம், இரண்டு பேர் தங்கும் அறை வாடகை, விசா, நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் நீங்களே இணையத்தில் பார்த்துக் கூட்டுங்கள். 1,65,000-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த இரண்டு நாள் படிப்பின் விலை.

வணிக மேலாண்மைப் படிப்புகளில் குறுகிய வெளிநாட்டுப் பயிற்சி என்பதே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. நன்றாக நடத்தப்படும் திட்டங்களில் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். ஏதாவது ஒரு நிறுவனத்தின் நிஜமான பிரச்சினையைக் குழுவாக எடுத்துப் படித்து, அங்கே போய் அந்த ஆட்களோடு பேசி, திரும்பி வந்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு, பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் உண்டு. பாடம் எடுப்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியராக இருப்பார். சிங்கப்பூரில் என்யூஎஸ், என்டியூ, எஸ்எம்யூ என்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, இன்சியாட் என்ற வணிகப் பள்ளிக்கும் அங்கே வளாகம் உண்டு. கல்லூரி கொடுத்த பிரசுரத்தில் ‘பார்ட்னர்’ என்று இருப்பது நான் கேள்விப்படாத ஒரு பெயர். பட்டம், டிப்ளமோ தரும் தனியார் கல்வி நிறுவனங்கள் அங்கே அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பின் தளத்தில் பட்டியல் கிடைக்கும். அதில் இந்தப் பெயர் இல்லையென்றால் இது ஒரு பயிற்சி கம்பெனியாக இருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் ‘இன்டர்நேஷனல் பிசினஸ் ஸ்கூல்’ என்று சொல்லிக் காசு கேட்க முடியாது.

கட்டாயம் என்று எங்கே எழுதியிருக்கிறது?

மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது இணைப்புக் கல்லூரி. பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகம். கல்லூரி தானாக ஒரு பயணத்தைப் பட்டத்துக்கு நிபந்தனையாக்க முடியாது. தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, அங்கேயும் அது விதிமுறைப் புத்தகத்தில் பாடக் குறியீட்டோடு இருக்க வேண்டும். கிரெடிட் உண்டு என்று சொன்னால், “எத்தனை, எந்தக் குறியீட்டில், அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கில் ஏறுமா?” என்று கேளுங்கள். மாணவரின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் இணையக் கணக்கு அது. இந்தியப் பல்கலைக்கழகமும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ட்வின்னிங் படிப்புகளுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. அதில் 30 சதவீதம் வரை கிரெடிட்டை வெளிநாட்டில் எடுக்கலாம். பேச்சில் யாராவது அதை இழுத்தால் குழம்ப வேண்டாம். ஒன்பது நாள் பயணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சான்றிதழ் விஷயத்தில் பயமே வேண்டாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது. இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், “பேங்க்ல கேக்குறாங்க” என்று தங்கச்சி ஒரு கடிதம் எழுதி இப்போதே கேட்டு வாங்கிவிடட்டும். கல்விக்கடன் இருப்பதால் அது ஒன்றும் புதிய காரணமாகத் தோன்றாது. மறுத்தால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு, அதற்கு மேல் பல்கலைக்கழகத்தில் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்பர்சன் என்று 2023 யுஜிசி விதிமுறையில் வழி இருக்கிறது. அந்தக் குரல்பதிவை அழித்துவிடாதீர்கள்.

பிளேஸ்மென்ட் விஷயத்தில் சட்டம் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. யாரை முதலில் நேர்காணலுக்கு அனுப்புவது என்பதைக் கல்லூரிதான் முடிவு செய்கிறது. ஆனால் வேலைக்கு எடுப்பவர் கல்லூரி இல்லை. சுயவிவரத்தில் ‘சிங்கப்பூர் இம்மர்ஷன்’ என்ற வரியைப் பார்க்கிற மேலாளர் அடுத்து கேட்கப்போவது “அங்க என்ன பண்ணீங்க?” என்றுதான். அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லையென்றால் அந்த வரி இல்லாமலிருப்பதே நல்லது.

கடனும் நகையும்

கல்விக்கடனில் இதைச் சேர்க்கவே முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். முழுக்கச் சரியில்லை. வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான செலவுகளில் கல்விச் சுற்றுலாவும் இருக்கிறது. ‘முடிக்கத் தேவையான’ என்பதுதான் நிபந்தனை. வங்கி மேலாளர் கட்டாயம் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் கேட்பார். அதனால் இப்படிச் செய்யுங்கள்: “பேங்க் லோனில் சேர்க்க, இது எம்பிஏ முடிக்கத் தேவையானது என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். கொடுத்தால் கடனுக்கு ஒரு வாய்ப்பு. கொடுக்காவிட்டால் உங்கள் முதல் கேள்விக்குக் கல்லூரியே பதில் சொல்லிவிட்டது. அப்படிக் கொடுத்துவிட்டால் இன்னொரு கேள்வி வரும்: கட்டாயச் செலவு என்றால் அது நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் வசூலிப்பதாகாதா? தமிழ்நாட்டில் 1992-லிருந்து அதற்கென்றே ஒரு தடைச்சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கடிதம் வராது என்றுதான் நினைக்கிறேன்.

நகையை வைப்பதென்றால் கணக்கைப் பாருங்கள். 1,20,000 ரூபாய்க்கு உங்கள் தெரு அடகுக் கடையில் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 2,400, வருஷத்துக்கு 28,800. இது வட்டி மட்டும். கல்விக்கடன் தவணையும் படிப்பு முடிந்த கொஞ்ச காலத்தில் ஆரம்பிக்கும். இரண்டையும் சேர்த்து இழுக்கப்போவது உங்கள் சம்பளம்தான். அம்மாவிடம் இதை எழுதிக் காட்டுங்கள். வங்கியில் வைத்தால் வட்டி குறையும் என்பது உண்மை, ஆனாலும் இரண்டு காலை வகுப்புக்காக நகை வைக்க நான் சொல்ல மாட்டேன்.

ஏஜென்சிக்குப் பணம் கட்டும் நிலை வந்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்பவர் டிசிஎஸ் என்ற வரியையும் வாங்குபவரிடம் பிடித்துக் கட்ட வேண்டும். யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்களோ அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம், வரி இல்லையென்றால் திரும்ப வாங்கலாம். “பில் வேணாம்னா குறைச்சுக்கலாம்” என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

விசாவும் வேலையும்

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான். இப்படிப்பட்ட பயணத்துக்குக் கிடைப்பது குறுகியகால வருகை அனுமதி. முப்பது நாளுக்குள், அந்த அனுமதியின் காலத்துக்குள் முடிகிற சிறு வகுப்பில் கலந்துகொள்ள அது போதும், மாணவர் பாஸ் வேண்டாம். ஆனால் வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லாத ‘டிரெயினிங்’ என்று பெயர் வைத்தாலும் ஆபத்துதான். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 20,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். விசா இரண்டு வருஷத்துக்கு அடித்துத் தந்தாலும், ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதைக் குடிநுழைவுத் துறைதான் முடிவு செய்யும். குரூப் டிக்கெட்டில் திரும்பும் தேதியை மாற்ற முடியுமா என்பது தனி விஷயம்.

சும்மா தங்கி, சொந்தக்காரர் வீட்டில் இருந்து விசாரித்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அங்கே பட்டதாரி வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரியில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டாலராக உயர்ந்தது. அதற்கு மேல் 2023 செப்டம்பரிலிருந்து காம்பஸ் என்ற புள்ளி முறையும் இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியது நிறுவனம். ஒன்பது நாள் சான்றிதழுக்கு அதில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. அனுபவமில்லாத புதிய எம்பிஏவுக்கு அது எட்டாத உயரம். இரண்டு மூன்று வருஷம் இங்கே வேலை பார்த்த பிறகு யோசிக்கலாம். “சிங்கப்பூரில் பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்” என்று பிரசுரத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கிறது, கவனித்தீர்களா? வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அந்த ஏஜென்சியின் பெயர் இல்லையென்றால் அந்த வரியை மறந்துவிடுங்கள். இன்னொரு சின்ன விஷயம்: நுழைவதற்கு முன் நிரப்பும் எஸ்ஜி அரைவல் கார்டு இலவசம். அதற்கும் காசு போட்டிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

கன்ஸ்யூமர் கோர்ட்டை நம்பிக் கட்டலாமா?

கல்லூரியின் மேல் போட முடியுமா என்றால், கஷ்டம். 2020-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் மனு சோலங்கி வழக்கில், கோச்சிங் சென்டர்களைத் தவிர மற்ற கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சொன்னது. அவர்கள் நடத்தும் சுற்றுலாவையும் சேர்த்தே சொன்னது. பணம் ஏஜென்சிக்குப் போகிறது என்பது இங்கே ஒரு வகையில் நல்லது, ஏஜென்சி விற்பது சேவை. பில் உங்கள் தங்கை பெயரில் இருந்து, சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்றால், சென்னை வடக்கு மாவட்ட ஆணையத்தில் மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் “முன்பணம் திரும்பாது” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மனம் மாறினால், சண்டை நீளும். ஒரு வருஷம் அலைந்து 50,000 வாங்குவதைவிட இப்போது கட்டாமல் இருப்பது சுலபம்.

துறைமுகம் பார்க்கத்தான் போகிறார் என்றால்

லாஜிஸ்டிக்ஸ் படிக்கிற பெண் சிங்கப்பூர் துறைமுகத்தைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம். 2024-ல் மட்டும் 4 கோடி டிஇயூவுக்கு (இருபது அடி கன்டெய்னர் கணக்கு) மேல் கையாண்ட இடம். எல்லா முனையங்களையும் 2040-களில் தீவின் மேற்கே துவாஸில் ஒன்றாகச் சேர்க்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது, ஆளில்லா வண்டிகள் கன்டெய்னர் இழுக்கின்றன. ஆனால் நிகழ்ச்சி நிரலில் ‘போர்ட் விசிட்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்த முனையம், யார் அனுமதி, உள்ளே போகிறார்களா? மரீனா சவுத் பியரில் உள்ள கடல்சார் காட்சிக்கூடம்தான் என்றால், அதற்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. யார் வேண்டுமானாலும் போகலாம்.

இன்னொரு பக்கம், உங்கள் வீட்டைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள். நாட்டின் முதல் தனிக் கன்டெய்னர் முனையம் 1983-ல் சென்னைத் துறைமுகத்தில்தான் வந்தது. எண்ணூரில் 2001-லிருந்து காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளி, நடுவில் மணலி, மாதவரம் வரை சிஎஃப்எஸ் எனப்படும் கன்டெய்னர் சரக்கு நிலையங்கள். கேட் பாஸ், இஐஆர் (பெட்டியின் நிலையைக் குறிக்கும் சீட்டு), சீல் நம்பர், டெமரேஜ், டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணங்கள் எல்லாம் உங்களுக்குத் தினசரி வேலை. தங்கச்சிக்கு அது புத்தகத்தில் படித்த பெயர். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர்கள் ஏன் மணிக்கணக்காக நிற்கின்றன, ஒரு பெட்டி கப்பலிலிருந்து இறங்கி உங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் எங்கெங்கே நேரம் போகிறது என்று அவர் இரண்டு மாதம் குறித்து ஒரு புராஜெக்ட் செய்தால், அது ஒரு நேர்காணலில் நிற்கும். அண்ணனே கூட இருந்து சொல்லிக்கொடுக்கிற வாய்ப்பு அந்த வகுப்பில் வேறு யாருக்கு இருக்கும்? உங்கள் மேலாளரிடம் பேசி இன்டர்ன்ஷிப் கேளுங்கள். ஐஐடிக்காரர்கள் இணையத்தில் எடுக்கும் என்பிடெல் பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். அதோடு, சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் கஸ்டம்ஸ் புரோக்கர் உரிமத் தேர்வு எழுத எம்பிஏவும் ஒரு தகுதி. 2018 விதிமுறையைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ராஜாஜி சாலை சிஎச்ஏ (கஸ்டம்ஸ் புரோக்கர்) அலுவலகங்களில் இதற்கு மரியாதையே தனி.

அப்படி ஒரு கேள்வியை இங்கே வைத்து வேலை செய்தவர் பிறகு துவாஸ் போனால், அரை நாளில்கூட நிறைய அள்ளிக்கொண்டு வருவார். நான் பயணத்துக்கு எதிரி இல்லை. காசில்லாமல் போகவும் வழிகள் உண்டு. தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் தேர்வான மாணவர்கள் 2024-ல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். அந்தத் தளத்தில் பாப்பாவின் படிப்புக்கு என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருங்கள்.

அப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், அதை அப்படியே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். கூட வரும் பேராசிரியைகள் எத்தனை பேர், அறையில் யார் யார், மருத்துவக் காப்பீடு எவ்வளவு, இரவில் கூப்பிட்டால் எடுக்கிற எண் எது என்று அவரையே கல்லூரிக்குக் கூட்டிப்போய்க் கேட்க வைக்கலாம். நல்ல பதில் வந்தால் அவரும் இறங்கி வருவார். பணம்தான் நிஜமான தடை என்றால் அதைப் பணமென்றே தங்கச்சியிடம் சொல்லுங்கள். ‘பொம்பளப் புள்ள’ என்று சொல்லி மூடி வைத்தால் அது வேறு மாதிரி வலிக்கும்.

தங்கச்சியே தன் பெயரில் கல்லூரி முதல்வருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும், ஒருங்கிணைப்பாளருக்கு நகல். ஐந்து கேள்வி போதும்: கட்டாயமா விருப்பமா, கிரெடிட் எத்தனை, நடத்தும் நிறுவனம் எது, ரத்தானால் எவ்வளவு திரும்பும், ‘போர்ட் விசிட்’ எந்த முனையத்துக்கு. மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் கட்ட வேண்டாம். வந்தால், வீட்டில் நான்கு பேரும் உட்கார்ந்து படியுங்கள், முதலில் பாப்பா பேசட்டும். போவதென்று முடிவானால், சேமிப்பிலிருந்தும் உங்கள் கையிலிருந்தும் எவ்வளவு முடியுமோ அந்த அளவுக்கு மட்டும். அந்தத் தொகை போதாதென்றால் இந்த வருஷம் வேண்டாம்.